கென்யா: ஒரு குழந்தையைப் படிக்கவைத்தால், பக்கத்து பெஞ்சுக் குழந்தை என்ன ஆகும்?

நைரோபி நகரின் மையத்திலிருந்து தென்மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர் போனால் கிபேரா. துருப்பிடித்த தகரக் கூரைகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்க, நடுவே ஒரு ரயில்பாதை ஓடுகிறது. அந்தத் தண்டவாளம்தான் அங்கே நடைபாதை. அதையொட்டியே கடைகள்: எண்ணெயில் பொரியும் மண்டாசி, கரி அடுப்பில் வேகும் சோளம், வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வந்த பழைய சட்டைகள். காலை ஆறரைக்கெல்லாம் யூனிஃபார்ம் ஸ்வெட்டர் போட்ட குழந்தைகள் வரிசையாகப் பள்ளிக்குப் போவதைப் பார்க்கலாம். ரயில் வரும் சத்தம் கேட்டால் ஒதுங்குவார்கள். போனதும் மறுபடி பாதையில் ஏறிக்கொள்வார்கள்.

கென்யா என்றால் நமக்கு மசாய் மாராவும் சிங்கமும் ஞாபகத்துக்கு வரும். அடுத்ததாக வருவது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் ஒரு விளம்பரம்: பெரிய கண்களோடு ஒரு குழந்தை, கீழே ‘மாதம் இவ்வளவு கொடுத்தால் இந்தக் குழந்தை படிக்கும்’ என்ற வரி. அதைப் பார்க்கும்போது மனசு ஒரு நொடி இளகும். அடுத்த நொடியே, ‘கொடுக்கும் காசு போய்ச் சேருமா?’ என்ற சந்தேகமும் வரும். இரண்டுமே நியாயம்தான். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் தேடி கென்யாவின் சில ஊர்களுக்குப் போய் வரலாம், வாருங்கள்.

காடு ஊரான கதை

கிபேரா என்ற பெயர் ‘கிப்ரா’ என்ற நூபிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அதற்குக் காடு என்று பொருள். ஆங்கிலேயப் படையில் வேலை பார்த்த சூடானிய நூபிய வீரர்களை 1900-களின் தொடக்கத்தில் அரசு இங்கே குடியமர்த்தியது. அப்போது நைரோபியே புது ஊர். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை 1896-ல் தொடங்கி 1901 வரை போட்ட ரயில்பாதைக்காக, 1899-ல் ஒரு தளவாடக் கிடங்காக உருவான இடம் அது. அந்தப் பாதையை அமைக்க இந்தியாவிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். கென்யாவில் இன்றைக்கும் விசேஷ நாள் என்றால் ‘சப்பாத்தி’ சுடுகிறார்கள். பெயர்கூட மாறவில்லை.

கிபேராவில் குடியிருக்கும் பெரும்பாலானோருக்கு நிலப் பட்டா கிடையாது. பத்துக்குப் பத்து அடி அறையில் ஒரு குடும்பம். தண்ணீரைக் குடத்துக்குப் பதில் மஞ்சள் நிற பிளாஸ்டிக் கேன் கணக்கில் விலைகொடுத்து வாங்க வேண்டும். இது உண்மை. ஆனால் கிபேராவைப் பற்றி உலகம் சொன்ன எல்லாமே உண்மை இல்லை. ‘இங்கே பத்து லட்சம் பேர் வாழ்கிறார்கள், ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சேரி’ என்று பல ஆண்டுகளாக எழுதினார்கள். 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எண்ணிப் பார்த்தபோது கிடைத்தது 1,70,070 பேர். ஏழ்மையை விவரிக்கும்போது எண்ணைப் பெரிதாக்கினால் நன்கொடையும் பெரிதாகும் என்ற நினைப்பு அறப்பணி உலகில் உண்டு. விளம்பரத்தைப் பார்க்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பெரிதாக்காத எண்ணே போதுமான அளவு கனமானது. வருமானம் மட்டுமின்றி சத்துணவு, தண்ணீர், கழிப்பறை, படிப்பு, வீடு என்று பலவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட கென்ய அரசின் 2020 அறிக்கைப்படி, அந்நாட்டுக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏழ்மையில் இருக்கிறார்கள்.

காசு கேட்காத பள்ளி, காசு கேட்கும் படிப்பு

2003 ஜனவரியில் கென்யா தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. ஒரே ஆண்டில் பள்ளியில் சேர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கை 59 லட்சத்திலிருந்து 72 லட்சமாக உயர்ந்தது. அடுத்த ஆண்டு, 84 வயதான கிமானி மருகே என்ற தாத்தா எல்டோரெட் நகரில் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். அரைக்கால் டவுசர், முழங்கால் வரை சாக்ஸ் எல்லாம் அணிந்து அவர் பள்ளிக்குப் போன படம் உலகம் முழுக்கப் பரவியது. காசு இல்லாததால் சின்ன வயதில் விட்டுப்போன படிப்பு அது.

ஆனால் ‘இலவசம்’ என்பது பள்ளி வாசல் வரைதான். யூனிஃபார்ம், ஷூ, நோட்டு, தேர்வுப் பணம், மதியச் சாப்பாடு எல்லாம் பெற்றோர் தலையில். கிபேரா போன்ற இடங்களில் அரசுப் பள்ளிகள் விளிம்பில்தான் இருக்கின்றன. உள்ளே இருக்கும் குழந்தைகளில் பலர், தகர அறைகளில் நடக்கும் குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகளுக்குப் போகிறார்கள்.

உண்மையான சுவர் உயர்நிலைப் பள்ளியில் எழும்புகிறது. கென்யாவில் நல்ல உயர்நிலைப் பள்ளி என்றாலே பெரும்பாலும் விடுதிப் பள்ளிதான். அரசின் முதல்நிலை விடுதிப் பள்ளிகளுக்கு அரசே நிர்ணயித்த உச்சவரம்பு ஆண்டுக்கு 53,554 ஷில்லிங். ஒரு ஷில்லிங் ஏறக்குறைய 65 பைசா என்று வைத்தால், சுமார் 35,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அது பல மாதச் சம்பளம். நல்ல மார்க் வாங்கியும் வீட்டிலேயே நின்றுவிடும் பிள்ளைகளின் கதை கென்யாவில் எந்தத் தெருவிலும் கேட்கும்.

இதற்கு அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. பெயர் ‘ஹராம்பே’. ஸ்வாஹிலியில் ‘எல்லோரும் சேர்ந்து இழுப்போம்’ என்று பொருள். கென்யாவின் அரசுச் சின்னத்திலேயே இந்தச் சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு ஊர் மக்கள் கல்லும் மண்ணும் காசும் கொடுத்து நூற்றுக்கணக்கான ‘ஹராம்பே பள்ளி’களைக் கட்டினார்கள். இன்றைக்கும் ஒரு பையனுக்குக் காலேஜ் சீட் கிடைத்தால் உறவும் அக்கம்பக்கமும் கூடி ஹராம்பே வைத்துப் பணம் திரட்டுகிறார்கள். நம் ஊர் மொய் விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அதுதான்.

மிட்டஹட்டோ: ஒரு டீச்சர் அனுப்பிய 15 டாலர்

நைரோபிக்கு வடக்கே கியாம்பு மாவட்டம். செம்மண், குளிர்ந்த காற்று, சரிவெங்கும் காபி, தேயிலை. அங்கே மிட்டஹட்டோ என்ற கிராமத்தில் 1970-களில் கிறிஸ் முபுரு என்ற பையன் படித்துக்கொண்டிருந்தான். வகுப்பில் கெட்டிக்காரன். வீட்டில் காசு இல்லை. ஒரு ஸ்வீடன் தொண்டுத் திட்டம் மூலம் முன்பின் தெரியாத ஒருவர் அவன் படிப்புக்குப் பருவத்துக்குச் சுமார் 15 டாலர் அனுப்பினார். அனுப்பியவர் பெயர் ஹில்டே பேக், மழலையர் பள்ளி ஆசிரியை என்பதைத் தவிர அவனுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது.

அந்தப் பையன் நைரோபி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். பிறகு ஹார்வர்டு. பிறகு ஐ.நா.வின் மனித உரிமைப் பணி. 2001-ல் தன் சொந்த ஊர்ப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு கல்வி உதவி நிதி தொடங்கியபோது, அதற்கு அந்த முகம் தெரியாத டீச்சரின் பெயரையே வைத்தார். ஸ்வீடன் தூதரகத்தின் உதவியோடு தேடியபோதுதான் தெரிந்தது, ஹில்டே உயிரோடு இருக்கிறார் என்று. 2003-ல் அவர் கென்யாவுக்கு வந்தார். கிராமமே திரண்டு பாட்டும் ஆட்டமுமாக வரவேற்றது.

இன்னொரு செய்தி முபுருவுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. ஹில்டே ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண். நாஜி ஆட்சியில் யூதர் என்பதாலேயே பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டவர். வேறு ஒருவரின் உதவியால் ஸ்வீடனுக்குத் தப்பினார். பெற்றோர் வதைமுகாம்களில் மாண்டார்கள். படிப்பு மறுக்கப்பட்ட பெண் யாரோ ஒரு பையனைப் படிக்கவைக்க, அந்தப் பையன் வளர்ந்து இன வெறுப்புக்கு எதிராக ஐ.நா.வில் வேலை செய்தார். ‘எ ஸ்மால் ஆக்ட்’ என்ற 2010 ஆவணப்படம் இந்தக் கதையைச் சொல்கிறது. ஹில்டே 2021-ல், 98 வயதில் காலமானார்.

கேட்கும்போது கண் கலங்கும் கதை. ஆனால் அதே படம் இன்னொன்றையும் காட்டுகிறது. முபுருவின் நிதியிலும் பணம் அளவாகத்தான் இருக்கிறது. படம் எடுத்த காலத்தில், எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டியவர்களுக்குத்தான் உதவி கிடைத்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது? இதுதான் எல்லா ஸ்பான்சர் திட்டங்களின் வயிற்றிலும் இருக்கும் கேள்வி.

ஸ்பான்சர் முறை எப்படி வந்தது?

ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர் என்ற முறைக்கு வயது ஏறக்குறைய நூறு. 1937-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அநாதையான குழந்தைகளுக்காகத் தொடங்கிய ஓர் அமைப்புதான் இன்றைய ‘ப்ளான் இன்டர்நேஷனல்’. 1950-களில் கொரியப் போர் முடிந்தபோது ‘வேர்ல்டு விஷன்’, ‘கம்பாஷன்’ போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் இந்த முறையைப் பெரிதாக்கின. ஒரு போட்டோ, ஒரு கடிதம், மாதாமாதம் ஒரு தொகை. கொடுப்பவருக்குத் தன் காசு ஒரு முகத்துக்குப் போகிறது என்ற திருப்தி.

எதிர்ப்பும் சீக்கிரமே வந்தது. 1982-ல் ‘நியூ இன்டர்நேஷனலிஸ்ட்’ பத்திரிகை, தயவுசெய்து குழந்தையை ஸ்பான்சர் செய்யாதீர்கள் என்ற கருத்தில் ஓர் இதழே வெளியிட்டது. ஒரு பிள்ளைக்கு ஷூ, தம்பிக்கு வெறுங்கால் என்றால் வீட்டுக்குள்ளேயே பொறாமை வராதா? தன் பிள்ளைக்கு வேறொருவர் ‘அப்பா’ ஆகும்போது சொந்த அப்பாவுக்கு எப்படி இருக்கும்? இப்படிக் கேள்விகள். 1998-ல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நிருபர்கள் தாங்களே குழந்தைகளை ஸ்பான்சர் செய்து, பிறகு நேரில் தேடிப் போனார்கள். மாலி நாட்டில் அவர்கள் ஸ்பான்சர் செய்த ஒரு சிறுமி எப்போதோ இறந்துபோயிருந்தாள். பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இந்த அடிக்குப் பிறகு பல அமைப்புகள் மாறின. பணத்தைத் தனிக் குழந்தையின் கையில் கொடுக்காமல், அந்த ஊரின் கிணறு, பள்ளி, மருத்துவமனைக்குச் செலவிடத் தொடங்கின. விளம்பரத்தில் மட்டும் ஒரு குழந்தையின் முகம் தொடர்கிறது.

அப்படியானால் தனிக் குழந்தைக்குக் கொடுப்பது வீணா? அதுவும் இல்லை. கென்யா, உகாண்டா, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கம்பாஷன் திட்டத்தில் வளர்ந்தவர்களையும், வயது கடந்துவிட்டதால் சேர முடியாமல் போன அவர்களின் அண்ணன் அக்காக்களையும் பொருளாதார அறிஞர்கள் ஒப்பிட்டார்கள். 10,144 பேரின் விவரங்கள். 2013-ல் வெளியான முடிவு: ஸ்பான்சர் பெற்றவர்கள் மற்றவர்களைவிட சராசரியாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். பெரியவர்கள் ஆனபின் சம்பள வேலையில் இருக்கும் வாய்ப்பும் கூடியிருந்தது.

பூசியா: யூனிஃபார்மும் பூச்சி மாத்திரையும்

மேற்கே, உகாண்டா எல்லையில் இருக்கிறது பூசியா. லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எல்லை ஊர். 1990-களில் இங்கே ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் குழந்தைகள் ஸ்பான்சர் திட்டம் நடத்தியது. மைக்கேல் க்ரெமர் என்ற பொருளாதார அறிஞர், கென்யாவில் ஒரு காலத்தில் டீச்சராக இருந்தவர், அந்த நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். சில பள்ளிகளுக்கு மட்டும் யூனிஃபார்ம், புத்தகம், வகுப்பறை கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள்.

யூனிஃபார்ம் அப்போது ஆறு டாலர் பக்கம். அந்தச் செலவைப் பெற்றோர் தலையிலிருந்து இறக்கியதும் படிப்பை நிறுத்துவது குறைந்தது. செய்தி பரவி, பக்கத்து ஊர்ப் பெற்றோரும் பிள்ளைகளை அந்தப் பள்ளிகளுக்கு மாற்றினார்கள். வகுப்பில் கூட்டம் நெரிந்தது. அப்படியும் பிள்ளைகள் படிப்பை விடவில்லை.

அடுத்து 1998-ல், 75 பள்ளிகளில் வயிற்றுப் பூச்சி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பள்ளிக்கு வராமல் இருப்பது கால்வாசி குறைந்தது. மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் தொற்று குறைந்தது. இந்தக் கணக்குகள் பற்றிப் பிற்பாடு ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. ஆனாலும் கென்யா இதை நாடு தழுவிய திட்டமாக்கியது. நம் ஊர்ப் பள்ளிகளிலும் பிப்ரவரியில் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்களே, அதே வகைதான். க்ரெமர் 2019-ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோவுடன் நோபல் பரிசு பெற்றார்.

ஸ்பான்சர் பணத்துக்கு ஒரு குழந்தை கிடைக்கும். மாத்திரை கொடுத்தால் முழு வகுப்புக்கும் பலன் போகும். ஆனால் பூச்சி மாத்திரை டப்பாவை விளம்பரத்தில் காட்டினால் யாருக்கும் மனசு இளகாது என்பதுதான் சிக்கல்.

ருயிரு: தட்டில் பச்சைப்பயறு

நைரோபியிலிருந்து தீக்கா சாலையில் போனால் ருயிரு. வாவிரா ஞிரு என்ற இளம்பெண் ஆஸ்திரேலியாவில் சத்துணவியல் படித்துக்கொண்டிருந்தபோது, நண்பர்களுக்கு ஒரு கென்ய விருந்து சமைத்துப் போட்டுப் பணம் திரட்டினார். அதை வைத்து 2012-ல் ருயிருவில் ஒரு சின்னச் சமையலறை. முதலில் சாப்பிட்டது 25 குழந்தைகள். அந்த ‘ஃபுட் ஃபார் எஜுகேஷன்’ அமைப்பு இன்று தினமும் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு மதிய உணவு தருகிறது. 2023-ல் நைரோபி கவுண்டி அரசு அவர்களோடு சேர்ந்து அரசுப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது.

பெற்றோர் ஒரு வேளைக்குக் கொடுப்பது 5 ஷில்லிங். நம் கணக்கில் மூன்றே கால் ரூபாய். மீதியை அரசும் அமைப்பும் பார்த்துக்கொள்கின்றன. குழந்தையின் கையில் வாட்ச் மாதிரி ஒரு பட்டை. பெற்றோர் மொபைலில் பணம் ஏற்றிவிட்டால், குழந்தை பட்டையைக் கருவியில் காட்டித் தட்டை வாங்கிக்கொள்ளலாம். தட்டில் சோறும் பீன்ஸும், அல்லது ‘ண்டெங்கு’ என்று அவர்கள் சொல்லும் பச்சைப்பயறுக் குழம்பு. வீட்டில் பெரும்பாலான நாள் சோள மாவில் கிண்டிய உகாலியும் கீரையும்தான். அந்தக் கீரைக்கு ‘சுகுமா விக்கி’ என்று பெயர். ‘வாரத்தைத் தள்ளு’ என்று அர்த்தம். சம்பளம் வரும்வரை எப்படியாவது நாளைத் தள்ளுவதற்கான கறி.

காமராஜரின் மதிய உணவு, 1982-ன் சத்துணவு, 2022-ன் காலை உணவு என்று பழகிய நமக்கு இது புதிதில்லை. வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே தட்டு என்றால் என்ன நடக்கும் என்று நம் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் தெரியும்.

கிட்டுயி: பாட்டி வீடு

கிழக்கே, வறண்ட கிட்டுயி மாவட்டம். எய்ட்ஸ் நோய் 1990-களில் கென்யாவில் நடுவயதுக்காரர்களை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் பிள்ளைகளும் பாட்டிகளும். ஆஞ்செலோ டகோஸ்டினோ என்ற அமெரிக்கப் பாதிரியார், மருத்துவரும்கூட, இங்கே ஆயிரம் ஏக்கரில் ‘ஞும்பானி கிராமம்’ அமைக்க வழிசெய்தார். ‘ஞும்பானி’ என்றால் ‘வீட்டில்’. ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டி அல்லது தாத்தா. சொந்தப் பேரப்பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளுமாகப் பத்துப் பேர் வரை. தோட்டம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் உள்ளேயே.

இந்த ஏற்பாட்டில் ஒரு பாடம் இருந்தது. கென்ய அரசு அதைத் தாமதமாகக் கற்றது. நாடு முழுக்க நூற்றுக்கணக்கான ஆசிரமங்களில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஏராளமானோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். வறுமையால், படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று விட்டுப்போனவர்கள்தான் அதிகம். வெளிநாட்டு நன்கொடை ஆசிரமத்துக்குத்தான் எளிதாக வருகிறது என்பதால் ஆசிரமங்களும் பெருகின. 2017 நவம்பரில் புதிய ஆசிரமங்களைப் பதிவு செய்வதை அரசு நிறுத்தியது. 2022-ல், பத்து ஆண்டுகளுக்குள் பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பும் திட்டத்தை அறிவித்தது.

ஏழைக் குடும்பத்தில் அநாதைப் பிள்ளை இருந்தால் அந்தக் குடும்பத்துக்கே மாதம் 2,000 ஷில்லிங் என்ற அரசுத் திட்டம் 2004-லேயே சிறிய அளவில் தொடங்கிவிட்டது. ஆய்வு செய்தபோது, பணம் பெற்ற வீடுகளில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். பிள்ளை பாட்டி மடியிலேயே வளர்ந்தது.

கொடுப்பதற்கு முன் ஐந்து கேள்விகள்

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘கொடுக்கலாமா, வேண்டாமா?’ என்று கேட்டால், கொடுக்கலாம். கென்யாவுக்கோ நம் தெருக்கோடிப் பள்ளிக்கோ, யாருக்குக் கொடுத்தாலும் இவற்றைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்:

1. என் பணம் ஒரு குழந்தைக்கு மட்டுமா, அதன் வகுப்புக்கும் ஊருக்கும் சேர்த்தா? விளம்பரம் ஒன்று, செலவு வேறு என்றால் அதை வெளிப்படையாகச் சொல்கிறார்களா?

2. குழந்தை ஊர் மாறினால், படிப்பை நிறுத்தினால் எனக்கு எப்போது, எப்படித் தெரியும்?

3. அதே வீட்டின் மற்ற பிள்ளைகளுக்கு என்ன வழி?

4. ஆசிரமம் என்றால், பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்க என்ன செய்கிறார்கள்? இதுவரை எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்?

5. தணிக்கை செய்த கணக்கு எங்கே?

சஃபாரி போகும்போது வழியில் ஆசிரமத்துக்குள் நுழைந்து பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்து, பிஸ்கட் கொடுத்துவிட்டு வரும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். நம் பிள்ளையின் பள்ளிக்குள் யாரோ ஒரு டூரிஸ்ட் அப்படி நுழைந்தால் விடுவோமா?

கிபேராவிலேயே வளர்ந்த கென்னடி ஒடேடே என்ற இளைஞர் 2004-ல் ஒரு ஃபுட்பால் வாங்கி, பையன்களைச் சேர்த்துத் தொடங்கிய ‘ஷாஃப்கோ’ என்ற அமைப்பு, 2009-ல் அங்கே பெண் குழந்தைகளுக்கு ஓர் இலவசப் பள்ளி திறந்தது. அங்கே பெற்றோர் கட்டணமாகப் பணம் தருவதில்லை. ஆண்டில் சில வாரங்கள் பள்ளிக்கு வந்து வேலை செய்து கொடுக்கிறார்கள். சமைப்பது, பெருக்குவது என்று ஏதாவது ஒன்று. வெளியூர் நன்கொடையும் வருகிறது, வீட்டுக்காரர்களின் உழைப்பும் சேர்கிறது. மகள் படிக்கும் வகுப்பறையைப் பெருக்கிவிட்டுப் போகும் அம்மாவை யாரும் அங்கே தர்மம் வாங்கியவராகப் பார்ப்பதில்லை.